காலதரும் கயிறும்

தில்லியில் நெடுநாள் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தாருக்குச் 'சிக்' என்பது இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. பிளந்த மூங்கிற் குச்சிகளை நூலால் வரிசையாகக் கோத்து, பின்புறம் நீலத்துணியோ பச்சைத்துணியோ வைத்துத் தைத்து, பால்கனியிலும் சன்னலிலும் தொங்கவிடும் தட்டிதான் அது. கயிற்றை இழுத்தால் சுருண்டு ஏறும், தளர்த்தினால் இறங்கும். எங்களில் ஒருவருடைய தாயார் முதன்முதலில் தில்லிக்கு வந்திருந்தபோது, 'வெயிலுக்குச் சிக் போடுங்கள்' என்று பக்கத்து வீட்டு அம்மையார் கூற, தலைமயிரில் விழுந்த சிக்கைச் சொல்கிறார் போலும் என்று சீப்பை எடுத்து வந்து நீட்டினார். நம் ஊர்த் 'தட்டி' என்னும் சொல்லை வழங்கித் தப்பிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்தியில் அதனை ஒத்த சொல்லுக்குத் திரை என்ற பொருளோடு இன்னொரு பொருளும் உண்டு. அதை மலரில் எழுத இயலாது. கடைக்காரரிடம் உரத்த குரலில் 'ஒரு பெரிய தட்டி வேண்டும்' என்று கேட்டு நின்ற நாளை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

1978ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மாயூரத்திலிருந்து வந்து, ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பொன்றில் குடியேறினோம். மே மாதம் வந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குப் புழுக்கம் தாளாமல், ஊரில் செய்வது போலவே, சன்னற் கதவுகள் அனைத்தையும் விரியத் திறந்துவிட்டுக் காற்றை எதிர்நோக்கி அமர்ந்தோம். வந்தது கடற்காற்றன்று, லூ. உலைக்களத்தின் வாயிலில் முகத்தைக் காட்டியது போலிருந்தது. தண்ணீர்க் குடத்தின் மேல் மூடியிருந்த ஈரத்துணி சிறிது நேரத்தில் காய்ந்து விறைத்தது. எதிர்வீட்டுப் பாட்டியார் ஓடிவந்து, "என்னடி பெண்ணே, பட்டப்பகலில் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறாயே, பைத்தியமா?" என்று கடிந்துகொண்டு, தம் கையாலேயே ஒவ்வொன்றாகச் சாத்தினார். இவ்வூரில் கோடையில் காலை ஒன்பது மணிக்குள் சன்னலைச் சாத்தித் திரையை இறக்கிவிட வேண்டும், இரவு சுவர்களின் சூடு தணிந்த பின்னரே திறக்க வேண்டும் என்னும் முதற்பாடத்தை அன்று கற்றோம்.

சிலப்பதிகாரம் சாளரத்தைக் காலதர் என்னும் சொல்லால் குறிக்கிறது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. ஆங்கிலத்தில் சன்னலுக்கு வழங்கும் சொல்லின் மூலமும் 'காற்றின் கண்' என்றே பொருள்படுவதாக மொழியறிஞர் கூறுவர். காற்று வர வேண்டும் என்பதற்காகவே சன்னல் வைத்த மக்கள், காற்று வரக்கூடாது என்பதற்காகச் சன்னலைச் சாத்தும் ஊருக்கு வந்து சேர்ந்தால், பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சில கோடைகள் ஆகத்தான் செய்யும். நனைத்த கஸ் தட்டியின் மணம் ஒன்றுதான் எங்களுக்கு அந்நாளில் ஆறுதல். கஸ் என்பது வேறொன்றன்று, நம் வெட்டிவேர். அச்சொல் பிரெஞ்சு நாட்டு வாசனைத் திரவியக் கடை வரையில் சென்று குடியேறிவிட்டது. தில்லியில் மட்டும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

சூரியனும் இங்கே வேறு வழியில் செல்கிறது. சென்னை பதின்மூன்றாம் பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் உச்சிவேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். தில்லியோ இருபத்தெட்டரைப் பாகைக்கும் சற்று வடக்கே உள்ளது. இங்குச் சூரியன் ஆண்டில் ஒருநாள்கூட நேர் உச்சிக்கு வருவதில்லை. ஆனால் சூன் மாத மாலையில் வடமேற்கே வெகுதூரம் ஒதுங்கி, ஏழேகால் மணிக்கு மேல்தான் மறைகிறது. மேற்கு நோக்கிய வீட்டுக்காரர் படும் துன்பம் அதனால் விளைவதே. தெற்குச் சன்னலுக்கு மேலே ஒரு சிறு தளம் நீட்டினால் உச்சி வெயிலைத் தடுத்துவிடலாம்; தாழ்ந்து, பக்கவாட்டில் வரும் மாலை வெயிலுக்குக் குடை பிடிக்க முடியாது; எதிரே திரைதான் நிற்க வேண்டும். அத்திரையும் கண்ணாடிக்கு வெளியே நிற்பது நலம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தை உள்திரை தடுக்க முற்பட்டால், வாசலைத் திறந்து திருடனை வரவேற்றுவிட்டுக் கூடத்தில் மறிப்பது போலத்தான். சிக்கை நெய்த பாமரன் இதை அறிந்தே வெளியில் கட்டினான். 1799இல் செய்ப்பூரின் ஹவா மஹாலுக்கு 953 சாளரங்கள் வைத்தவர்களும் அறிந்திருந்தனர். சண்டிகரில் கான்கிரீட்டால் வெயில் தடுப்புகள் அமைத்த லெ கொர்புசியேயும் அறிந்திருந்தார். அண்மையில் கட்டப்பெற்ற கண்ணாடிக் கட்டடங்களின் சொந்தக்காரர்கள் மட்டும் குளிர்பதன இயந்திரத்தை நம்பி இதனை மறந்துவிட்டனர்.

சிக்குக்கு இன்னொரு பயனும் இருந்தது. அதை நாங்கள் அறிந்தது 1986ஆம் ஆண்டு சனவரியில்.

எங்களைக் கடிந்துகொண்ட அந்தப் பாட்டியார் தனியே வாழ்ந்தவர். மகன் வேற்றூரில் வேலை பார்த்தான். கோடையானால் ஆறு மணி, குளிரானால் ஏழு மணி; தவறாமல் அவர் வீட்டுப் பால்கனிச் சிக் மேலே ஏறும். கடிகாரம் பார்க்க நேரமில்லாத காலைப்பொழுதில், 'பாட்டி சிக்கைத் தூக்கிவிட்டார், பால் வாங்கப் போக வேண்டும்' என்று எங்கள் வீட்டில் சொல்வதுண்டு. மூடுபனி அடர்ந்த ஒரு நாள், எட்டரை மணியாகியும் சிக் இறங்கியே இருந்தது. அலுவலகம் புறப்பட்ட எங்களில் ஒருவர் படியிறங்கும்போது அதைக் கவனித்தார். மற்றவர் சென்று கதவைத் தட்டினார். விடையில்லை. கீழ்வீட்டார் இருவரும் சேர்ந்து தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தபோது, அறையின் நடுவே அங்கீட்டி கிடந்தது. குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு, எல்லாச் சன்னல்களையும் இறுகச் சாத்திப் படுத்திருக்கிறார். நிறமும் மணமும் இல்லாத அந்த நச்சுவாயு அறையை நிரப்பியிருந்தது. வடநாட்டில் குளிர்காலந்தோறும் உயிர்களைக் கொண்டுபோவது அதுவே. நினைவிழந்து கிடந்தவரைக் கட்டிலோடு தூக்கிப் பால்கனிக்குக் கொண்டுவந்தோம். சிக்கைத் தூக்கக்கூட நேரமின்றிக் கயிற்றை அறுத்தோம். மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்து பிழைத்து வந்தார். அதன்பின் பதினோராண்டு உயிர்வாழ்ந்தார். புதுக் கயிற்றுக்கான விலையை எங்களிடம் வாங்கிவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1996இல் மயூர் விஹாரில் சொந்த வீடு அமைந்தது. மாயூரத்தில் பிறந்தவர்கள் மயூர் விஹாரில் ஒதுங்குவதில் ஒரு பொருத்தம் இருப்பதாக நண்பர்கள் கேலி செய்தார்கள். இரண்டிலும் மயில்தான் இருக்கிறது. நான்காம் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. வேறென்ன, அங்கும் சிக். மூன்றாண்டுக்கொருமுறை மாற்றினோம், கயிறு மட்டும் ஆண்டுதோறும்.

2022ஆம் ஆண்டு சூன் மாதம் அந்தக் கயிறு மேலே உருளையில் சிக்கிக்கொண்டது. எழுபதைக் கடந்தவர்கள் முக்காலி மேல் ஏறக்கூடாது என்பது யாவரும் அறிந்த நீதி. எங்களில் ஒருவர் ஏறினார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நடந்து, ஆணி பொருத்தி, மூன்று மாதம் கட்டிலும் நடைச்சட்டமுமாகக் கழிந்தது. சென்னையில் பணிபுரியும் மகள் விடுப்பெடுத்து வந்திருந்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள் சென்னையில் வாழ்கிறாள். சென்னை வழியாக வந்தவர்கள் நாங்கள் தில்லியில் வாழ்கிறோம். கீழே கிடந்த சிக்கைச் சுருட்டிப் பழைய சாமான் வாங்குபவனிடம் கொடுத்துவிட்டு, "இனி இந்த வீட்டில் யாரும் கயிறு இழுக்க வேண்டாம் அப்பா. அம்மா, நீங்களும்தான்" என்றாள். முடிவை அறிவித்தாளேயன்றி எங்களைக் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஆட்கள் வந்தனர். பால்கனிக்கு வெளிப்புறம் தடித்த சல்லடைத் துணித்திரை. படுக்கையறைகள் இரண்டுக்கும் உள்திரைகள். செலவு ஒரு சிறு திருமணத்தின் பூச்செலவு அளவுக்கு ஆயிற்று என்று சொன்னால் போதும். பொருத்திய இளைஞர் பீகார் மாநிலத்தவர். தொழிலை விரும்பிச் செய்பவர். கேட்டதற்கெல்லாம் விடை சொன்னார். திரை சுற்றும் குழாய்க்குள்ளேயே மோட்டார் ஒளிந்திருக்கிறது. நீண்ட உருளை வடிவம், கைவிளக்கைப் போன்றது. அதனுள் சிறு பற்சக்கரங்கள் அடுக்கடுக்காக அமைந்து வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டுகின்றன. மின்சாரம் நின்றதும் தடை ஒன்று இறுகிப் பிடித்துக்கொள்வதால் திரை தானே சரிந்து விழுவதில்லை. மேலே எங்கு நிற்பது, கீழே எங்கு நிற்பது என்னும் இரண்டு எல்லைகளை முதல்நாள் ஒருமுறை கற்பித்துவிட்டால் போதும். பிறகு அது மறப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி இவ்வாறு சொல்ல முடியாதே என்று எங்களில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் பெருமூச்செறிந்தார்.

வெளித்திரைக்கு இரண்டு புலன்கள் உண்டு. வெயில் குறித்த அளவுக்கு மேல் அடித்தால் திரையை இறக்கும் கண் ஒன்று. மேகம் ஒன்று கடந்து போனவுடன் ஏமாந்து தூக்கிவிடாமல், சற்றுப் பொறுத்துப் பார்க்கும் பண்பும் அதற்கு உண்டு. குளிர்காலத்தில் மட்டும் அக்கண்ணைக் கட்டிவைக்க வேண்டும். அப்போது பிற்பகல் வெயில் நமக்குப் பகையன்று, விருந்தாளி. மற்றொன்று, திரையின் அடிச்சட்டத்தில் பொருத்திய காற்றுணர்வி. பலத்த காற்றில் சட்டம் அதிர்ந்தால், துணி கிழியாதிருக்கத் திரையை மேலே சுருட்டிவிடும். இதில்தான் எங்களுக்கும் அதற்கும் மனத்தாங்கல். தில்லியில் ஆந்தி என்னும் புழுதிப்புயல் எழும்போது, நாற்பதாண்டுகளாக நாங்கள் செய்தது சிக்கை இறக்கிக் கீழே இழுத்துக் கட்டுவது. இந்த இயந்திரமோ அந்த நேரம் பார்த்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு மேலே ஏறிவிடுகிறது. புழுதி முழுவதும் கூடத்துக்கு வருகிறது.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒருநாள் ரிமோட்டை எடுத்து, ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு என்று ஆணையிட்டுக்கொண்டே இருந்தான். திரை பாதி வழியில் நின்றுவிட்டது. பயந்துபோய் அழைத்தோம். இத்தகைய மோட்டார்கள் தொடர்ந்து சுமார் நான்கு நிமிடம் ஓடும் அளவுக்கே அமைந்தவை, அதற்கு மேல் சூடேறினால் தாமே நின்று ஆறிக்கொள்ளும், கவலை வேண்டாம் என்றார் அந்த இளைஞர். அரைமணியில் ஆறிற்று. சிக்குக்குச் சூடும் இல்லை, ஓய்வும் இல்லை; ஆனால் அது எங்களில் ஒருவரைக் கீழே தள்ளியது என்பதையும் நினைத்துக்கொண்டோம். வயிற்றுச்சோற்றுக்காகவன்றி வேறு எதற்கும் ஓய்வு கேட்காத வேலைக்காரனை எங்கே காண்பது?

காலையில் திரைகள் எழுவதற்குத்தான் மகள் பெரிதும் ஆசைப்பட்டாள். கைப்பேசிச் செயலியில் 'சூரியோதயம்' என்று குறித்துவிட்டால், ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நாளையும் கொண்டு அதுவே உதயநேரத்தைக் கணக்கிட்டு, நாள்தோறும் சற்றே மாற்றித் திரைகளைத் தூக்கிவிடும். பஞ்சாங்கம் பார்ப்பவர் செய்யும் வேலை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் யாதொரு குறையும் காணவில்லை. கட்டிலில் கிடந்தபடியே கிழக்கு வெளுப்பதைக் காண்பது, சொல்லக்கூடாது, சுகமாகவே இருந்தது.

திசம்பர் வந்ததும் இயந்திரம் தடுமாறத் தொடங்கிற்று. ஆறரை மணிக்குத் திரைகள் கிர்ரென்று எழும். வெளியே கும்மிருட்டு, மூடுபனி. அதற்குப் பிறகு முக்கால் மணி சென்றே சூரியன் தலைகாட்டும். கீழ்த்தளக் காவலாளி, விளக்கெரியும் எங்கள் அறை முழுவதும் தெரிய நிமிர்ந்து நோக்குவான். மாலையிலும் அவ்வாறே, பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பின்னும் கால்மணி நேரம் திரை இறங்காது. பொருத்தியவரை அழைத்து, எழுபது வயதுக்குரிய கண்டிப்போடு பேசினோம். அவர் முகம் சுளிக்காமல் வந்து, தரையில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டே எங்கள் கைப்பேசியைத் துழாவினார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"பாபுஜி, இயந்திரத்தில் பழுதில்லை. உங்கள் சன்னல்கள் சென்னையில் இருக்கின்றன."

மகள் தன் சென்னை வீட்டு விளக்குகளுக்கு வைத்திருந்த கணக்கிலேயே எங்கள் திரைகளையும் சேர்த்திருக்கிறாள். இருப்பிடம் சென்னை என்றே பதிந்திருந்தது. சம இரவு நாளை ஒட்டிய செப்டம்பரில் இரண்டு ஊர்களின் உதயத்துக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிட வேறுபாடே, ஆதலால் ஐயுறவில்லை. திசம்பர் இறுதியில் தில்லியின் பகல் சுமார் பத்தேகால் மணி நேரமாகச் சுருங்கும். சென்னையில் அது பதினொன்றேகாலுக்கும் சற்று மேல். குளிர் ஏற ஏற, எங்கள் சன்னல்கள் நாளுக்கு நாள் எங்களைவிட்டு விலகித் தெற்கே போய்க்கொண்டிருந்தன.

இரண்டு தொடுகையில் திருத்திவிடலாம் என்றார். அவர் விரல் திரையின் மேல் இருக்கையிலேயே, "பொங்கல் வரை இருக்கட்டுமே" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர் மறுக்கவில்லை. இளைஞருக்குப் புரியவில்லை, தேநீரை முடித்துப் புறப்பட்டார். அடுத்த மூன்று வாரமும் ஆறரைக்குத் திரை எழுந்ததும் விழித்துக்கொண்டு, அங்கே மயிலாப்பூர்க் குளத்தின் மேல் வெளிச்சம் விழுந்திருக்கும், இந்நேரம் மாயூரத்தில் ஆற்றங்கரைக்குப் போயிருப்பார்கள் என்று இருட்டைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தோம். ஆற்றங்கரைக்கு இப்போது யாரும் போவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். பொங்கல் கழிந்த மறுநாள் தில்லிக்குத் திருத்தினோம்.

பிப்ரவரியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்டது. முதல்நாள் இரவு வந்தது. காலையில் எழுந்து தண்ணீர் எடுக்கவும் வலுவில்லை. கைப்பேசி கூடத்தில் மின்னேற்றமின்றிக் கிடந்தது. திரைகள் மட்டும் உதயத்துக்கு நாழி தவறாமல் எழுந்தன. பகல் முழுவதும் ஒருவர் முனகலை மற்றவர் கேட்டுக்கொண்டு கிடந்தோம். மாலை நான்கு மணிக்கு வேலைக்காரப் பெண் ஊரிலிருந்து திரும்பித் தன்னிடமிருந்த சாவியால் திறந்து வந்த பின்னரே மருத்துவருக்குச் சொல்லியனுப்ப முடிந்தது. எதிர்ப்பகுதியில் குடியிருக்கும் பஞ்சாபி அம்மையார் மறுநாள் கஞ்சியோடு வந்து வருந்தினார்: "தினமும் உங்கள் பால்கனியைப் பார்ப்பேன் ஆன்ட்டிஜி. நேற்றும் திரை மேலேதான் இருந்தது. நலமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்." சென்னையிலிருந்த மகளும் அதையே சொன்னாள். காலையில் அவள் கைப்பேசியில் 'திரைகள் திறந்தன' என்று செய்தி வந்திருக்கிறது. அதைக் கண்டு நிம்மதியாக அலுவலகம் போயிருக்கிறாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எங்களில் யார் முதலில் அந்தப் பாட்டியாரைப் பற்றிப் பேச்செடுத்தது என்று இப்போது நினைவில்லை. 1986இல் அவர் வீட்டுப் பால்கனியில் இந்த மோட்டார் இருந்திருந்தால், ஏழு மணிக்குச் சிக் ஏறியிருக்கும். பாட்டி எழுந்துவிட்டார் என்று நாங்கள் பால் வாங்கப் போயிருப்போம்.

உடல் தேறியதும் மகளிடம் பேசினோம். இயந்திரத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறோமோ என்று அவள் முதலில் கலங்கினாள். இல்லை, பகல் வெயிலையும் மாலை இருட்டையும் அதுவே பார்த்துக்கொள்ளட்டும், காலையை மட்டும் எங்களிடம் திருப்பித் தந்துவிடு என்றோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அந்த வாரமே உதயக் கட்டளையை நீக்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில், எழுந்து உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், ஒரு பொத்தான் பொருத்தப்பட்டது. எழுந்தவர் அதை அழுத்துவார், திரைகள் ஏறும், சென்னையில் செய்தி ஒலிக்கும். மின்சாரம் இல்லாத நாளில் இன்வெர்ட்டர் உதவும். அதுவும் கைவிட்டால் திரையைச் சுற்றி ஏற்றக் கைப்பிடி ஒன்று இருக்கிறது. எட்டு மணிக்குள் செய்தி வராவிட்டால் மகள் அழைக்க வேண்டும். நாங்கள் எடுக்காவிட்டால் எதிர்ப்பகுதி அம்மையாரை அழைக்க வேண்டும். அவரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறோம். எங்களிடமும் அவர் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. அவருக்கும் பிள்ளைகள் கனடாவில்.

இடுப்பு முறிந்தவருக்கே பொத்தானை அழுத்தும் உரிமை என்று தொடக்கத்தில் ஏற்பாடு. இப்போது யார் முந்தி விழிக்கிறாரோ அவர் அழுத்தலாம் என்று தளர்த்தியிருக்கிறோம். அதனால் சில நாட்களில் சிறு பூசலும் உண்டு.

நேற்றுக் காலை எழுந்ததும் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முதல் நாள் மலருக்கென்று எழுதிவைத்த இந்தப் பக்கங்களைத் திருத்துவதில் ஈடுபட்டுப் பொத்தானை மறந்துவிட்டோம். எட்டடித்து இரண்டு நிமிடத்தில் தொலைபேசி ஒலித்தது. "என்னம்மா ஆயிற்று?" என்ற குரலில் நடுக்கம். பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கிறது, பிறகு பேசுகிறோம் என்று வைத்துவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினோம்.